மணலில் எழுதப் படித்த பாதிரியார்

வெள்ளி விழாவோ பொன் விழாவோ, மலர் என்று ஒன்று வந்தால் அதில் நம் பழைய பேராசிரியர்களைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும்தான் எல்லோரும் எழுதுவார்கள். நானும் அப்படி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் நினைவுக்கு வந்தவர், இறந்து 300 ஆண்டு தாண்டிவிட்ட ஒரு ஜெர்மானியர். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவரோடு சேர்ந்தே இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். அவர் நம் விடுதியில் என்னோடு ஒரே வராந்தாவில் இருந்தவர். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பெரியவரின் கதை.

1979 ஜனவரியில் எங்கள் வரலாற்றுத் துறை, இறுதியாண்டு மாணவர்களைத் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா கூட்டிப் போனது. அப்போது மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயில் உண்டு. 1986இல் அதை நிறுத்திவிட்டார்கள். ரயிலில் பாட்டும் கூத்துமாகப் போய் இறங்கினோம். டேனியக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போனபோது பேராசிரியர் எங்களைத் தரையில் உட்காரச் சொன்னார். பீடத்துக்கு அருகே இருந்த கல்லறையைக் காட்டி, இந்த மனிதரின் கதையை நிதானமாகக் கேளுங்கள் என்றார். நான் வேண்டா வெறுப்பாகத்தான் கேட்க ஆரம்பித்தேன்.

கப்பலேறிய இளைஞர்

சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். உடம்பும் நோஞ்சான் உடம்பு. ஹாலே நகரில் பிராங்கே என்ற புகழ்பெற்ற இறையியல் ஆசிரியரிடம் படிக்கச் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் அந்தப் படிப்பும் தொடர்ச்சியாக நடக்கவில்லை. இந்த ஆளைக் கடல் தாண்டி அனுப்புவார்கள் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

தரங்கம்பாடி அன்று டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு வாங்கிய இடம் அது. மிளகும் துணியும் ஏற்றுமதி செய்வதற்காக வந்த வணிகக் கம்பெனிக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த ஊர் மக்களுக்குக் கிறிஸ்தவம் போதிக்க ஆள் அனுப்ப வேண்டும் என்று டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் நினைத்தார். டென்மார்க்கில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியிலிருந்து இருவரை வரவழைத்தார். ஒருவர் சீகன்பால்கு, இன்னொருவர் ஹென்றிக் புளூட்சோ. 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அன்று சீகன்பால்குக்கு வயது 24 கூட நிரம்பவில்லை. நம் இறுதியாண்டு மாணவர்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூடுதல்.

மாலை மரியாதை எல்லாம் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் தவறு. மன்னர் அனுப்பிய ஆட்கள் என்றாலும் கம்பெனியின் தளபதி ஹாசியஸ் அவர்களை மணிக்கணக்கில் காக்க வைத்து, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஊர் மக்களிடம் பேச இந்த இருவரும் உள்ளே நுழைந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது கம்பெனிக்காரர்களின் பயம்.

உடைத்த கை

இனிமேல் வருவதுதான் என்னைத் தூக்கிப்போட்ட செய்தி. வந்த முதல் ஆண்டிலேயே ஒரு நாள் சீகன்பால்கு ஊருக்கு வெளியே போனபோது, கோயில் ஒன்றின் அருகே மண்ணால் செய்த உருவங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டார். இவை எல்லாம் ஒன்றுக்கும் உதவாத பொம்மைகள் என்று மக்களுக்குக் காட்ட வேண்டுமென்ற ஆவேசத்தில் சிலவற்றைக் கீழே தள்ளினார், சிலவற்றின் தலையைத் தட்டி உடைத்தார். அதைத் தமது கடிதத்தில் அவரே எழுதி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்.

அப்போது அங்கே வந்த உள்ளூர்க் கற்றவர் ஒருவர் அவரை அடிக்கவில்லை. ஊரைக் கூட்டவும் இல்லை. இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள்தான் என்று விளக்கம் சொன்னார். நம்ம ஊர்ப்பக்கம் அய்யனார் கோயில்களில் சுடுமண் குதிரையும் வீரர்களும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் உடனே புரியும். வந்தவருக்கு எப்படிப் புரியும்? தாம் உடைத்தது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை.

பேராசிரியர் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தெரியாததை உடைப்பது சுலபம், கேட்டுத் தெரிந்துகொள்வதற்குத்தான் ஆயுசு முழுக்க வேண்டியிருக்கிறது என்ற பொருள்படப் பிறகு ஒன்று சொன்னார். அன்று அது எனக்குச் சாதாரண உபதேசமாகத்தான் பட்டது.

திண்ணைப் பள்ளி மாணவர்

தரங்கம்பாடியில் இருந்த ஐரோப்பியர்கள் தமிழ் படிக்கவே இல்லை. வேலைக்காரர்களோடும் தரகர்களோடும் உடைந்த போர்த்துகீசியத்தில் பேசிக் காலம் தள்ளினார்கள். புளூட்சோ அந்தப் போர்த்துகீசியத்தைப் படிக்க எடுத்துக்கொண்டார். சீகன்பால்கு எடுத்துக்கொண்டது தமிழ்.

இலக்கணப் புத்தகம் கையில் இல்லை, அகராதி இல்லை. வயதான பள்ளி ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்து, அவருடைய பள்ளியையே தம் வீட்டில் நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். நாம் எல்லாம் பாட்டியின் மடியில் தொடங்கியதை அந்த மனிதர் வேட்டிகூடக் கட்டாத பொடியன்களுக்கு நடுவே தொடங்கினார்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து வந்ததே தவிரப் பொருள் வரவில்லை. அதற்காக அழகப்பன் என்பவரை அமர்த்திக்கொண்டார். கம்பெனிக்கு முன்பு துபாஷியாக இருந்தவர், பல ஐரோப்பிய மொழிகள் பேசத் தெரிந்தவர். பிறகு ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் வந்து சேர்ந்தார்கள். தினமும் காலையில் முதல் வேலை, எழுதி வைத்த சொற்களைத் திரும்பப் படிப்பது. அதற்குப் பின் மதியம் வரை ஏடு வாசிப்பு. சிறிது ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மறுபடி வாசிப்பு. ஒரே நூலைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதில் தெரியாத சொல்லே இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் அடுத்த நூலை எடுப்பார். இரண்டே ஆண்டில் அவர் திரட்டிய சொற்கள் 20,000. ஒரு பாடத்தில் தேறாமல் போனதற்குச் சூழ்நிலை சரியில்லை என்று காரணம் சொல்லும் நம் தம்பிமார்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்!

வாசித்ததோடு நிற்காமல் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, படித்தவர் இறந்துபோன வீடுகளில் இருந்த சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708இல் அவற்றுக்கு ஒரு விவரப் பட்டியல் எழுதினார். 119 தமிழ் நூல்கள். தொல்காப்பியம் அதில் உண்டு, திருக்குறள் உண்டு. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பும் உண்டு. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். நாம் மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கொன்றை வேந்தன் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் பேசியிருக்கிறது.

இங்கேதான் அவர் மனம் திறந்து ஒன்றை ஒப்புக்கொள்கிறார். வந்த புதிதில் இந்த மக்களை நாகரிகம் அறியாதவர்கள் என்று தாமும் நினைத்ததாகவும், மொழியைப் படித்து நூல்களைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் தவறு என்று உணர்ந்ததாகவும் எழுதினார். ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. எழுதியவருக்கும் எழுதுவது லேசாக இருந்திருக்காது.

சிறையும் அச்சும்

இதற்கிடையில் தளபதி ஹாசியஸோடு மோதல் முற்றியது. ஓர் ஏழைத் தமிழ் விதவையின் கடன் வழக்கில் நியாயம் கேட்டுச் சீகன்பால்கு தலையிட்டார். பலன், 1708 கடைசியில் கோட்டைச் சிறை. நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். காவல் வைத்தவர்களும் ஐரோப்பியர்கள், கிறிஸ்தவர்கள். உள்ளே போனவர் எந்த மன்னரின் ஆணையில் வந்தாரோ அதே மன்னரின் கொடிதான் அந்தக் கோட்டை மேல் பறந்தது.

வெளியே வந்தவர் வேலையை விடவில்லை. லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஓடத் தொடங்கியது. இந்தியாவில் முதல் தமிழ் அச்சு இதுதான் என்று மேடைகளில் சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டுவிட்டார். ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது தரங்கம்பாடியில்தான், 1715இல். காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலைகூட அமைத்தார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொரு வேலை. சீகன்பால்கும் அவருடைய துணைவர் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில்களை வாங்கினார்கள். உங்கள் வழிபாடு என்ன, திருமணம் எப்படி, மருத்துவம் எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேள்விகள். இப்படி வந்த 99 கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்ப, அவை ஹாலேயில் அச்சாயின. பதில் எழுதியவர்கள் முகத்துக்காகப் பேசவில்லை. கிறிஸ்தவர்கள் பசுவைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று போட்டு உடைத்திருந்தார்கள். தம் கூட்டத்தைப் பற்றிய அந்த வசைகளையும் அவர் மறைக்கவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். தனக்குப் பிடிக்காத பதிலையும் அப்படியே எழுதி வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

தலை தட்டியவரின் புத்தகம்

1713இல் அவர் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். தென்னாட்டுத் தெய்வங்களின் வம்ச வரலாறு. சிவன், திருமால் என்று தொடங்கி மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி வரை கிராம தேவதைகளையும் சேர்த்து, யார் யார் எப்படி வணங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதிய நூல். அதில் அய்யனாருக்கும் ஓர் இடம் உண்டு. பூரணை, புட்கலை என்ற இரண்டு தேவிமாரின் பெயரோடு! ஏழு ஆண்டுகளுக்கு முன் மண் உருவங்களின் தலையைத் தட்டியவரின் கைதான் இதையும் எழுதியது. அன்று குறுக்கே வந்து விளக்கம் சொன்ன அந்தப் பெயர் தெரியாத மனிதர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஹாலேயில் பிராங்கே அந்த நூலை அச்சிட மறுத்துவிட்டார். மற்றவர்களின் மதத்தை அகற்றத்தான் ஆள் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் கருத்து. கைப்பிரதி அலமாரியில் தூங்கியது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல், சென்னையில்தான் அது முதன்முதலாக அச்சானது. எழுதிய ஆசிரியர் 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆமாம், 36தான். 1714இல் ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துப் போனார். கப்பலில் அவரை வைத்துக்கொண்டே தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதி, 1716இல் ஹாலேயில் வெளியிட்டார். திருமணம் செய்துகொண்டு அதே 1716இல் திரும்பி வந்தார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். ஆனால் கடைசிக் காலம் கசந்துபோனது. கோபன்ஹேகனில் இருந்த மேலிடம், கட்டடம் எதற்கு, செலவு எதற்கு, எளிமையாக ஊர் ஊராகப் போய்ப் போதித்தால் போதாதா என்று கடுமையாக எழுதியது. மணலில் உட்கார்ந்து எழுதியவருக்கு, மணலைப் பார்த்தே இராதவர்கள் எளிமை பற்றிப் பாடம் நடத்தினார்கள். ஏற்கனவே நொந்திருந்த உடம்பு தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவரைத் தெய்வப் பிறவியாக்க நான் வரவில்லை. தம் மதமே மெய்யான மதம் என்ற நம்பிக்கையைச் சாகும்வரை அவர் விடவில்லை. மெச்சிய அதே பக்கத்தில் கண்டித்தும் எழுதியிருக்கிறார். ஆனால் ஒத்துக்கொள்ளாத ஒன்றையும் முதலில் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அந்த மனிதர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

நாங்கள் உடைத்தது

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

1977இல் நம் விடுதிக்கு ஒரு மாணவர் வந்தார். இலங்கை மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள். தாயகம் என்று காகிதத்தில் எழுதியிருந்ததே தவிர, அவர் அதுவரை இந்த மண்ணைப் பார்த்ததில்லை.

அவர் பேசிய தமிழ் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. விடுதி அறையைக் காம்பரா என்பார். வீட்டு வரிசையை லயம் என்பார். அவ்வளவுதான், காம்பரா என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. சாப்பாட்டு வரிசையில், குளியலறை வாசலில், இரவு விளக்கணைந்த பிறகு இருட்டில், எங்கும் அந்தக் கூப்பாடு. பட்டப்பெயர் வைத்தது வேறு யாரோ இல்லை, நான்தான். முதலில் அவரும் சிரித்தார். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நீலகிரிப் பக்கம் அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பின் அவரை நாங்கள் மறந்துபோனோம்.

தரங்கம்பாடி ஆலயத்தின் தரையில் உட்கார்ந்து அந்த மண் உருவங்களின் கதையைக் கேட்டபோதும் எனக்கு அவர் நினைவு வரவில்லை. அது வந்தது 1986இல், வேலை மாற்றலாகி ஒரிசாவில் ஒரு சின்ன ஊருக்குப் போனபோது. என் ஒரியாவைக் கேட்டு அலுவலகமே சிரித்தது. டீக்கடைப் பையன் நான் பேசுவதுபோல் பேசிக் காட்ட, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றிரவு என் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அறை என்றா சொன்னேன்? காம்பராவில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரரின் ஆறு வயது மகளிடம் சிலேட்டைக் கொடுத்து, எழுதக் கற்றுக்கொடு பாப்பா என்று கேட்டேன். அவள் டீச்சர் மாதிரி கண்டிப்பாகத்தான் கற்றுக்கொடுத்தாள். ஒரு வருஷத்தில் அந்த ஊர்க்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாம் அந்த ஜெர்மன்காரர் காட்டிய வழிதான்.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். சாக்சனியிலிருந்து வந்தவர் நம் மொழிக்காக மணலில் உட்கார்ந்தார். ஒரே மொழி பேசிய எங்களுக்கு ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கத் தோன்றவில்லை. அவர் உடைத்தபோது தடுத்துச் சொல்ல ஒருவர் வந்தார். எங்களிடம் வந்து சொல்ல ஒருத்தரும் இல்லை. வந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

தற்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விடுதியில் இன்று பீகாரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும்கூட ஆள் இருக்கலாம். பக்கத்து மாவட்டத்துப் பேச்சுக்காகவே கேலிக்கு ஆளாகும் ஒருவரும் இருக்கலாம். அவர்கள் சொல்லும் சொல் புரியவில்லை என்றால் சிரிக்காதீர்கள், என்ன அர்த்தம் என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். 20,000 சொல் சேர்க்க வேண்டாம், இருபது சேர்த்தால் போதும். முடிந்தால் ஒருமுறை தரங்கம்பாடிக்கும் போய் வாருங்கள். சீகன்பால்கு வாழ்ந்த இடத்தில் 2017இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1977இல் கிழக்கு வராந்தாவில் கடைசி அறையில் இருந்தவரை உங்களுக்கு நினைவிருக்கும். பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவரை அச்சில் ஏற்றும் உரிமை எனக்கில்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் யாருக்காவது அவர் இருக்குமிடம் தெரிந்தால், இந்த ஒன்றுகூடலுக்குக் கையோடு அழைத்து வாருங்கள். நம் சங்கத்தில் அவருக்கும் இடம் உண்டு. வர விருப்பமில்லை என்றால் அதுவும் அவர் உரிமை. அப்போது எனக்கு விலாசம் மட்டும் சொல்லுங்கள், நானே பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருடைய ஊர்ச் சொற்கள் இன்னும் சிலவற்றுக்கு அர்த்தமும் கேட்க வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி. வளர்க நம் நட்பு.

– வரலாற்றுத் துறை முன்னாள் மாணவன் (1976–79)